பவர் சப்ளைக்கு வைத்த பொட்டு

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட்டில் இருந்த ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்தில், 'எங்கள் தலைமைக் குழு' என்ற தலைப்புக்குக் கீழே மகேந்திரனின் படமும் இருந்தது. படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தலைவர், பொருள் தோற்றம் மற்றும் பெட்டி அனுபவப் பிரிவு. எளிமையே அழகு என்னும் நவீனக் கொள்கையில் ஊறியவர். எந்தச் சிறு நுணுக்கமும் இவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.'

இதில் 'தலைவர்' என்பது உண்மைதான். பிரிவில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லாததால் போட்டியின்றித் தேர்வானவன். பிரிவு என்பது ஸ்டோர் ரூமில் அட்டைக்கட்டுகளை ஒதுக்கிப் போட்ட ஒரு மேசை. 'எளிமை' என்ற சொல்லை அவன் அந்தக் கம்பெனிக்கு வந்த பிறகுதான் ஒரு வேலைத் திட்டமாகக் கேள்விப்பட்டான். அதற்கு முன் எளிமை என்பது அவன் வீட்டு நிலவரம். 'நுணுக்கம்' பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இராஜமாணிக்கத்தின் மகனாகப் பிறந்தவன் மகேந்திரன். கம்பெனி தயாரித்தது கம்ப்யூட்டருக்குள் வைக்கும் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் தாங்கும் அளவுக்குப் பதமாக்கித் தரும், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. அதை வாங்குகிறவன் அட்டைப் பெட்டியைப் பிரித்து, எடுத்து, கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் திருகாணி போட்டு மூடிவிடுவான். அதன் முகம் என்று சொல்லத்தக்க விசிறிப் பக்கம் தரையைப் பார்த்துக் கிடக்கும். பிறகு அது எரிந்துபோகும் நாள்வரை யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். யாரும் பார்க்காத ஒன்றின் தோற்றத்துக்குத் தான் அதிகாரி என்பதை மகேந்திரன் தானே சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு, வேலை நிரந்தரமாகவில்லையே என்ற நினைப்பு வந்ததும் நிறுத்திக்கொள்வான்.

நிரந்தரம்தான் விஷயம். தோட்டத்து நிலம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. வருட முடிவுக்குள், அவன் குடியிருந்த தோட்டத்து வரிசைவீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மம்பாவில் ஒரு தரைவீட்டை அவனும் மனைவி மாதவியும் பார்த்து வைத்திருந்தார்கள். வங்கிக்காரர் எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்று கேட்டார்: வேலை 'கன்ஃபர்ம்' ஆகிவிட்டதா? ஆனதும் வாருங்கள். மாதவி அதற்குள் அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குத் திரைத்துணி தைத்துவிட்டாள். லயத்து வீட்டு ஜன்னலுக்கு அது ஒரு முழம் அதிகம்.

கம்பெனிக்கு வருமுன் மகேந்திரன் தெமியாங்கில் ஒரு பேனர் கடையில் இருந்தான். திருவிழா, திருமணம், காதுகுத்து, கருமக்கிரியை எதுவானாலும் பேனர் அவன் கைவண்ணம். வெற்றிடத்தைக் கண்டால் அவனுக்கு ஒருவித நடுக்கம். ஒரு சாண் காலியாக இருந்தால் மல்லிகைச் சரம் ஓட்டுவான். அதற்கும் மேல் மிச்சமிருந்தால் மயில். துக்க பேனரில்கூட ஓரத்தில் மின்னல் வெட்டும். பவர் சப்ளை கம்பெனியின் சீன முதலாளி லோக் தன் பேட்மிண்டன் கிளப்புக்கு ஒரு பேனர் அடிக்க வந்தவர், உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் மகேந்திரன் அதைச் செய்து கொடுத்துவிட்டான். வேகத்தைத் திறமை என்று லோக் எண்ணிவிட்டார். இந்தத் தவற்றைத் திருத்த மகேந்திரனுக்கு மனம் வரவில்லை.

புதிய மாடலுக்கு அவன் போட்ட முதல் பெட்டியில் ஒரு புலி வாயைப் பிளந்து நின்றது. புலியின் வாயிலிருந்து மின்னல், மின்னலின் நுனியில் பவர் சப்ளை, அதைச் சுற்றித் தீ வளையம். லோக் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். இரண்டிலும் அவருக்கு வேண்டிய சொல் ஒன்றுதான்.

"சிம்பிள்," என்றார்.

மகேந்திரன் புலியை எடுத்தான்.

"சிம்பிள்."

தீ அணைந்தது. மறுவாரம் மின்னலும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது மொத்தக் கறுப்பில் ஒரு பெட்டி. அதன் முன்பக்கத்தில் பவர் சப்ளையின் ஒரு படம். மூலையில் கம்பெனி பெயர், எறும்பு அளவில். பவர் சப்ளைக்கும் மங்கிய கறுப்புச் சாயம். விசிறிக்கு மேலே கம்பி வலை. வலையின் நடுவே காசு அளவுக்கு ஒரு இரும்புத் தகடு. மற்ற கம்பெனிகள் அந்தத் தகட்டில் சின்னத்தைப் பொறிப்பார்கள். லோக் அதிலும் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். வெறும் கறுப்பு வட்டம். மகேந்திரனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரிக்கும். மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

ஆயுத பூஜை வந்தது. ஃபேக்டரியில் பேக்கிங் லைன் முழுக்கத் தமிழ்ப் பெண்கள் என்பதால், அன்று அரை நாள் லோக் கண்டுகொள்ள மாட்டார். லைனுக்குத் தலைவி பஞ்சாலை. ஐம்பதைத் தாண்டியவர். குரல் ஃபேக்டரி சைரனுக்குச் சமம். சைரன் கெட்டுப்போன ஒரு மாதம் அவரே அந்த வேலையையும் பார்த்ததாகச் சொல்வார்கள். காலையிலேயே எல்லா இயந்திரத்தையும் துடைத்து, குழைத்த சந்தனத்தை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஃபோர்க்லிஃப்டுக்கு ஒன்று. எடை மெஷினுக்கு ஒன்று. பசைத் துப்பாக்கிக்கு ஒன்று. ஆள் வருகையைப் பதியும் மெஷினுக்கு இரண்டு, அது அடிக்கடி பழுதாவதால். ஸ்டோர் ரூமுக்குள் வந்தவர், மகேந்திரன் மேசையில் இருந்த மாதிரிப் பவர் சப்ளையைப் பார்த்து நின்றார்.

"இது என்னா தம்பி?"

"புது மாடல்க்கா. சாம்பிள். தொடாதீங்க, கைரேகை படியும்."

"நவுரு லா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு உன் டப்பாக்கு மட்டும் நெத்திய வெறுமையா உட்டா, அது என்னா பாவம் பண்ணிச்சு?"

கைரேகை படியாமல், விரல் நுனியால், வெறும் தகட்டின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். வட்டத்துக்குள் வட்டம். மகேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் அதே மாதிரியைத்தான் பெட்டிக்குப் படம் எடுத்தான்.

இங்கேதான் மகேந்திரனை யாராலும் காப்பாற்ற முடியாது. அவன் அவசரத்தில் எடுத்து அனுப்பியிருந்தால்கூட மன்னிக்கலாம். மூன்று நாள் அந்தப் படத்தோடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான். கம்பியில் ஒட்டியிருந்த தூசியை ஒவ்வொன்றாக அழித்தான். ஒரு முடியைக் கண்டுபிடித்து நீக்கியதை மாதவிக்குப் போன் போட்டுச் சொன்னான். நடுவில் இருந்த மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததால், அதைப் பளிச்சென்று ஏற்றினான். விளிம்பு கோணலாக இருந்த இடத்தைச் சீராக்கினான். அது அங்கே இருக்கிறது என்று கை அறிந்திருந்தது. மூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பிறந்த நாள் முதல் அவன் பார்த்த லாரி, மோட்டார், தண்ணீர் பம்பு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மெஷின் என்றால் பொட்டு இருக்கும். இல்லாமல் இருந்திருந்தால், ஏதோ குறைகிறதே என்று ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும்.

லோக்கும் அனுமதி கொடுத்தார். அவர் பார்த்தது போனில், கார் ஓட்டிக்கொண்டே. கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது.

அச்சடித்த பெட்டிகள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கின. முதலில் பார்த்தவர் நஸ்ருதீன். கம்பெனியின் சேல்ஸ் முழுவதும் அவர் கையில். சிரம்பானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பம்; ஆனால் அவருக்குச் சோற்றைவிடப் பேச்சில்தான் லாபம் என்று சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. கடைகளுக்குக் காட்ட ஒரு பெட்டியை எடுத்தவர், அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு ஸ்டோர் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மகேன், ஒரு சந்தேகம். இந்த மாடலுக்குக் கற்பூரம் நம்ம சேத்துக் குடுக்கிறோமா, இல்ல கஸ்டமர் தனியா வாங்கிக்கணுமா?"

"என்னா பாய் சொல்றீங்க?"

"பெட்டியப் பாரு."

"பாத்தேன். கறுப்பு நல்லா விழுந்திருக்கு."

"கறுப்ப உடு லா. நடுவுல பாரு."

மகேந்திரன் நடுவில் பார்த்தான். அப்போதும் ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு வேறு எதுவுமே தெரியவில்லை. அறை முழுக்க அடுக்கியிருந்த பெட்டிகள் ஒவ்வொன்றும் குளித்து முழுகி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயோ," என்றான்.

"ஐயோவா? நான் இத மலாய்க்காரங்க நெறைய இருக்கற வடக்குக்கும் கிழக்குக்கும் கொண்டுபோயி விக்கணும். எங்க ஊட்ல கேட்டா நான் என்னா சொல்ல?"

"பாய், சிரிக்காதீங்க பாய்."

"சிரிக்கல. அழுதா இப்பிடித்தான் இருக்கும்." நஸ்ருதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, பயப்படாத. கஸ்டமருக்கு இது வட்டம். உனக்கும் எனக்கும்தான் பொட்டு. பாஸ்கிட்ட என்னா சொல்லப் போற?"

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் சேல்ஸ். பொய்தான் என் டிபார்ட்மெண்ட். உண்மையெல்லாம் நீயே சொல்லிக்க."

மகேந்திரன் முதலில் போனது பஞ்சாலையிடம். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. குற்றத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்ற ஆசையாக இருக்கலாம். பஞ்சாலை பெட்டியை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா வட்டமா வந்திருக்கே!"

"அக்கா, இதனால என் வேலையே போகப் போகுது."

"அதுக்கு நான் என்னா செய்ய? நான் எல்லாத்துக்கும்தான் வெச்சேன். ஃபோர்க்லிஃப்டுக்கும் வெச்சேன். ஃபோர்க்லிஃப்ட் போயி போட்டோ புடிச்சு ஊரு பூரா ஒட்டிச்சா? நீதான ஒட்டின?"

மகேந்திரன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

பிற்பகலில் லோக் அழைத்தார். பெட்டி அவர் மேசைமேல் இருந்தது. நேரில், வெளிச்சத்தில், கார் ஓட்டாமல் அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விரலைப் பொட்டின்மேல் வைத்தார்.

"இது என்ன? லைட்டா?"

உண்மை அவன் நாக்கின் நுனிவரை வந்தது. அங்கே மம்பாவ் வீட்டின் சமையலறை ஜன்னல் குறுக்கே நின்றது. அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனர்ஜி கோர், பாஸ்."

"என்ன கோர்?"

"எனர்ஜி. சக்தியோட மையம். சுத்தி மஞ்சள், அது கரண்ட். நடுவுல செவப்பு, அது பவர்." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க அங்கே இன்ஜினியர் இல்லாததற்கு அவன் உள்ளூர நன்றி சொன்னான். "மத்தது எல்லாம் கறுப்பு. சிம்பிள்."

லோக் நாற்காலியில் சாய்ந்தார். பெட்டியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "நான் சிம்பிள் சிம்பிள் என்று சொன்னபோதெல்லாம் உனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். நீ என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். ஒரே ஒரு வட்டம்! வேறு யாராவது இருந்தால் இதில் புலியைப் போட்டிருப்பான்."

"ஆமா பாஸ்," என்றான் மகேந்திரன்.

அவனுடைய வாழ்க்கையில் அவன் வடிவமைப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவன் வடிவமைக்காததற்குக் கிடைத்தது. ஆனாலும், வெட்கமாக இருக்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்தது. இந்த அற்பத்தனத்தை அவன் மோட்டாரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வியந்துகொண்டே போனான்.

லோக் அத்தோடு விட்டிருந்தால் பெட்டிகள் கிளம்பியிருக்கும், மகேந்திரன் மம்பாவுக்குக் கிளம்பியிருப்பான். ஆனால் நல்ல முதலாளிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிடித்துப்போனால் பதிவு செய்துவிடுவார்கள். வட்டத்தைக் கம்பெனியின் வணிகச் சின்னமாக்க வேண்டும் என்றார் லோக். வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. இது தன் சொந்தச் சிந்தனை என்று மகேந்திரன் கையெழுத்துப் போட வேண்டும். யோசனை எப்படி வளர்ந்தது என்று காட்ட, ஆரம்பத்தில் போட்ட பென்சில் படங்களையும் கொண்டுவர வேண்டும். அதை முடித்தால் அன்றைக்கே 'கன்ஃபர்ம்'.

நஸ்ருதீனுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் மகேந்திரனைக் கலக்கியது.

"சின்னமாவா? பொட்டையா?" என்றார். "அப்ப இனிமே நாட்டுல எந்த லாரிக்காரன் பொட்டு வெச்சாலும் நம்ம பாஸ் கேஸ் போடலாம். மொத ஆளா பஞ்சாலைக்கா மேலயே போடலாம். கம்பெனி சொத்த அனுமதி இல்லாம ஃபோர்க்லிஃப்ட்ல வெச்சாங்கன்னு."

"வெளையாடாதீங்க பாய்."

"நான் எங்க வெளையாடறேன்? நீதான் வெளையாடற. தைரியம் வேணும் லா இதுக்கு. கோயில்ல செருப்பத் திருடினதா நான் கேள்விப்பட்டிருக்கேன், உண்டியலத் திருடினதாக் கேள்விப்பட்டிருக்கேன். பொட்டத் திருடினவன் நீதான் மொத ஆளு."

ஆனாலும் அன்று மாலை, லயத்து வீட்டு மேசையில், மகேந்திரன் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தான். மறுநாள் லோக்கிடம் கொடுக்க ஐந்தாறு பொய்ப் படங்கள் வேண்டும். இதில் என்ன கஷ்டம்? ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம். பேனர் கடையில் இருபது வருடம் கைபழகியவனுக்கு இது ஒரு வேலையா?

முதல் வட்டத்தைப் போட்டான். இவ்வளவுதானா என்று கை கேட்டது. சுற்றிலும் சில கதிர்களை இழுத்தான். கதிர்கள் சும்மா போய் முடிவது அவனுக்குப் பொறுக்கவில்லை. நுனிகளில் சிறு தாமரை மொட்டு. அடுத்த தாளில் கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினான். அதில் இருபுறமும் மயில் வந்து நின்றது. மூன்றாவதில் தோரணம். நான்காவதில் இவை எல்லாவற்றோடும் மின்னலும் திரும்பி வந்துவிட்டது.

சோற்றுத் தட்டோடு வந்த மாதவி தாள்களை எட்டிப் பார்த்தாள்.

"யாரு வீட்டுக் காதுகுத்துங்க?"

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். பொட்டிலிருந்து சின்னம்வரை எல்லாவற்றையும் சொன்னான். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டான் என்ற இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொன்னா வீடு போயிருமா?"

"போனாலும் போகும்."

"அப்ப பேசாம வட்டத்த மட்டும் வரஞ்சு குடுத்துட்டு வாங்களேன்."

"முடியல மாதவி."

"என்னா முடியல? ஒரு வட்டம்!"

"வட்டம் வந்துருது. அதோட நிறுத்த முடியல."

அவள் நான்காவது தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மயில், தோரணம், மின்னல். நடுவில் எங்கேயோ ஒரு வட்டம், கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல.

"இதக் கொண்டுபோயி குடுத்தா," என்றாள் நிதானமாக, "பொய் சொன்னதுக்கு வேலை போகாது. இதுக்கே போயிரும்."

தட்டை மேசைமேல் வைத்தாள். ஜன்னல் பக்கம் போய்த் திரைத்துணியை ஒருமுறை இழுத்துச் சரி செய்தாள். போய்ச் சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் பிறகு அவள்மேல் பழி போட வசதியாக இருந்திருக்கும் என்று அவன் நினைத்தான். அவளும் அதை நினைத்துத்தான் சொல்லாமல் இருந்தாள்.

மறுநாள் காலை மகேந்திரன் லோக்கின் அறைக்குள் போனான். நேர்மையால் போனான் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை. நல்ல பொய் ஒன்றைச் செய்யத் தெரியாததால் போனான்.

"பாஸ், அது என்னோட டிசைன் இல்ல. பஞ்சாலைக்கா வெச்சது."

"பஞ்சாலையா? பேக்கிங் லைன் பஞ்சாலையா? அவருக்கு டிசைன் தெரியுமா?"

"டிசைன் இல்ல பாஸ். பொட்டு. பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் வெப்பாங்க. நான் அப்பிடியே படம் எடுத்துட்டேன்."

"நீ அதைப் பார்க்கவில்லையா?"

"பாத்தேன். தெரியல."

லோக்குக்கு இந்த விடை விளங்கவில்லை. எழுந்து ஃபேக்டரிக்குள் நடந்தார். மகேந்திரன் பின்னால் போனான். ஃபோர்க்லிஃப்டின் நெற்றியில் மஞ்சளும் சிவப்பும். எடை மெஷினில். பசைத் துப்பாக்கியில். தீயணைப்பு உருளையில். இந்த வருடத்துப் பொட்டுக்கு அடியில் போன வருடத்தினுடையது, அதற்கும் அடியில் மங்கிய திட்டாக அதற்கு முந்தியவை. லோக் அந்தக் கட்டடத்தின் முதலாளியாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் இரண்டு தடவை இந்த வழியாக நடக்கிறார்.

அறைக்குத் திரும்பியதும் மேசைமேல் கிடந்த தன் கால்குலேட்டரைச் சந்தேகத்தோடு எடுத்துப் புரட்டினார். பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் திட்டு.

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த பஞ்சாலை உள்ளே பார்த்துச் சொன்னார்: "அது நான் வருஷா வருஷம் வெக்கிறது தம்பி. பாஸுக்குச் சொல்லு. லாபம் வருதா இல்லியா, கேளு."

மகேந்திரன் மொழிபெயர்த்தான். லோக் கால்குலேட்டரை மறுபடி திருப்பி வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. தானும் பத்து வருடம் பார்த்துப் பார்க்காதவர் என்பது, கத்துவதற்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். நஸ்ருதீனையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பாதிப்பு என்ன என்று கேட்டார்.

"மறுபடி பெட்டி அடிக்க நேரம் இல்ல பாஸ், மாசக் கடைசி விற்பனை போயிடும்," என்றார் நஸ்ருதீன். "பெட்டிய அப்பிடியே அனுப்பினா, படத்துல இருக்கற வட்டம் உள்ள இருக்கற சாமான்ல இல்லன்னு ஆன்லைன்ல வாங்கறவன் திருப்பி அனுப்புவான். இது லைட்டா, எரியுமான்னு இப்பவே ரெண்டு கடையில கேட்டுட்டாங்க."

"வழி?"

"பெட்டிய மாத்த முடியாது. சாமான மாத்தலாம். தகட்டுல அதே மாதிரி வட்டமா ஸ்டிக்கர் ஒட்டிட்டா, படமும் சாமானும் ஒண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எப்பிடியும் அது தரையப் பாத்துத்தான் கெடக்கப் போகுது," என்றார்.

லோக் சரி என்றார். வணிகச் சின்னத்துக்கான தாள்களைக் கிழித்துப் போட்டார். பிறகு மகேந்திரனைப் பார்த்தார்.

"தோற்றத்தைப் பார்க்காத தோற்றத் தலைவரை நான் வைத்துக்கொள்ள முடியாது," என்றார். "பேக்கிங் லைனில் ஸ்டிக்கர் ஒட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையென்றால் இன்றைக்கே நிரந்தரம். சம்பளம் லைன் சம்பளம்."

மகேந்திரன் யோசிக்க நேரம் கேட்கலாமா என்று யோசித்தான். அதற்குள் தலை ஆடிவிட்டது.

வங்கிக்காரர் புதிய தாளைப் பார்த்தார், நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தி அடைந்தார், சம்பளத்தைப் பார்த்து மம்பாவை மூடி வைத்தார். தெமியாங்கில் ஒரு அடுக்குமாடி வீடு அந்தச் சம்பளத்துக்கு எட்டும் என்றார். மகேந்திரன் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"எத்தனாவது மாடிங்க?"

"நாலு."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. நிக்குது."

மாதவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் சற்று உரக்கப் பேசின. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "வட்டம் மட்டும்தான ஒட்டணும்? பக்கத்துல மயிலு கியிலு ஒட்டிறாதீங்க."

வருட முடிவுக்கு முன்பே அவர்கள் லயத்தைக் காலி செய்து தெமியாங்குக்குப் போனார்கள். ஃபேக்டரியில் அவனுக்குப் பஞ்சாலைக்குப் பக்கத்து நாற்காலி. அவர் பெட்டியை மடிப்பார், அவன் ஒட்டுவான். நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் அவர் உச்சுக்கொட்டுவார். அவன் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவான். கறுப்புப் பெட்டிகள் தீரும்வரை மகேந்திரன் சுங்கை காடுட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பவர் சப்ளையின் நடுவிலும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினான்.